அனுபவப் பகிர்வு: 5 நிமிடம்

ஜூலை 30 மனிதக் கடத்தலுக்கு எதிரான உலக தினம். ஐ.நா. பொதுச்சபை 2013ல் அறிவிச்சது. அன்னைக்கு எந்த ஊர்ல நிகழ்ச்சி நடந்தாலும் அழைப்பிதழ் ஒரே அச்சுதான். இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, மறுபடியும் ஒரு வாழ்த்துரை (வார்டு கவுன்சிலரை விட்டா கோவிச்சுக்குவார்). இதுக்கெல்லாம் கீழ, நன்றியுரைக்கு மேல ஒரு வரி இருக்கும்: "பாதிக்கப்பட்டோர் அனுபவப் பகிர்வு - 5 நிமிடம்".

பேர் இருக்காது. பேர் போடாதது சரிதான், அதைக் குறை சொல்லலை. ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். முகத்தை மூடிக்கிட்டு ஒரு பொண்ணு வரும். நடந்ததைச் சொல்லும். நடுவுல அழும். முன்வரிசையில கர்ச்சீப் வெளிய வரும். ஒரு சால்வை, முதுகுப் பக்கமா ஒரு போட்டோ, பஸ் செலவுக்கு ஒரு கவர். முடிஞ்சுது. மத்தியானம் பிரியாணிக்கு அப்புறம் "இந்த மாவட்டத்தில் அடுத்து என்ன செய்யலாம்?"னு ஒரு கலந்தாய்வுக் கூட்டம் நடக்கும் பாருங்க, அதுல அந்தப் பொண்ணு இருக்காது. அதிகாரிகள் இருப்பாங்க, தொண்டு நிறுவனத்துக்காரங்க இருப்பாங்க, காலேஜ் புரொபசர் ஒருத்தர் பவர்பாயிண்டோட இருப்பார்.

எனக்குக் கோபமே அந்த மத்தியானக் கூட்டத்து மேலதான். கடத்தப்பட்டுத் திரும்பி வந்தவங்க அந்தக் கூட்டத்துல உட்காரணும். உட்கார்றது மட்டும் இல்ல, ஓட்டு இருக்கணும், சம்பளம் இருக்கணும். என்ன கேள்வி கேக்கறது, யாரைக் கேக்கறது, காசை எதுக்குச் செலவு பண்றதுன்னு முடிவு எடுக்கற இடத்துல இருக்கணும். "பாவம், அவங்களைத் தொந்தரவு பண்ணலாமா?"ன்னு கேக்கற நல்லவங்களோடதான் இன்னைக்கு எனக்குச் சண்டை.

முதல்ல ஒரு விஷயம். மனிதக் கடத்தல்னு சொன்னாலே நம்மாட்களுக்கு சினிமா ஓட ஆரம்பிச்சிரும். ஆம்னி வேன், மயக்க மருந்து, பம்பாய். அதுவும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா 2000ல் வந்த ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறையையும் நம்ம சட்டத்தையும் (முன்னாடி இ.பி.கோ. 370, 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா 143) எடுத்துப் பாருங்க. ஏமாத்தியோ மிரட்டியோ ஒருத்தனைக் கொண்டுபோய் சுரண்டினா அது கடத்தல். செங்கல் சூளையா இருந்தாலும் சரி, நூற்பாலையா இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் முன்னாடியா இருந்தாலும் சரி. "அவன் சம்மதிச்சுத்தானே போனான்?" அப்படிங்கற கேள்வியே செல்லாதுன்னு நம்ம சட்டம் தெளிவா சொல்லுது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதல்ல வர்றது என்னவோ அந்தக் கேள்விதான்.

இனி நம்ம ஊருக்கு வர்றேன்.

குளச்சல்லயும் சுத்துப்பட்டுக் கடற்கரை ஊர்கள்லயும் வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போன ஆள் இல்லாத தெருவைக் காட்டுங்க பாப்போம். சவூதி, பஹ்ரைன், கத்தார், ஈரான்னு போவாங்க. பெரும்பாலானவங்க நல்லபடியா போயிட்டு வந்து வீடு கட்டியிருக்காங்க. சில பேர் மாட்டிக்குவாங்க. எங்க தெரு அண்ணன் ஒருத்தர் அப்படி மாட்டி, ரொம்ப நாள் கழிச்சு வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாள்ல ஏதோ ஒரு ஆய்வுன்னு ரெண்டு படிச்ச பிள்ளைங்க ஒரு கட்டு பாரத்தோட வந்து அவர்கிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனாங்க. நல்ல பிள்ளைங்கதான், மரியாதையாத்தான் பேசினாங்க. நானும் பக்கத்துல இருந்தேன். அந்தப் பாரத்தைப் பாத்ததுலேர்ந்து ஆரம்பிச்சதுதான் இந்த எரிச்சல்.

"மாதச் சம்பளம் எவ்வளவு?" இது ஒரு கேள்வி. அண்ணன் முழிச்சார். மீன்பிடித் தொழில்ல மாசச் சம்பளம் ஏது? பங்குதான். பிடிச்ச மீனை வித்த காசுல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமானெல்லாம் கழிச்சு, அரபாப் பங்கை எடுத்துட்டு, மிச்சத்தை ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிக்கணும். அந்தக் கழிக்கற கணக்குலதான் மொத்தத் திருட்டும் இருக்கு. எத்தனை லிட்டர் டீசல், எஞ்சின் ரிப்பேருக்கு எவ்வளவு, போன மாசப் பாக்கி எவ்வளவுன்னு எழுதற நோட்டு அரபாப் கையில. இவங்களுக்கு அதைப் படிக்கவும் தெரியாது. பாரத்துல ஒரே ஒரு கட்டம். அதுல "0"ன்னு எழுதிக்கிட்டாங்க.

"உங்களைப் பூட்டி வைத்தார்களா?" ஆம் / இல்லை. நடுக்கடல்ல யார் யாரைப் பூட்டறது? பாஸ்போர்ட்டும் இக்காமாவும் அரபாப் பெட்டியில இருந்துச்சு. இல்லைன்னார். "வேலைக்குச் செல்ல கடன் வாங்கினீர்களா?" கடன் வாங்கலை, அண்ணி நகையை அடகு வச்சாங்க. அடகு அவர் கணக்குல கடன் இல்ல. அதுக்கும் இல்லைன்னார். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?" பதினஞ்சு இருபது நாள் கடல்லயே தங்கல், வலை இழுக்கற நேரமெல்லாம் வேலை. அவங்களே 12ன்னு போட்டுக்கிட்டாங்க.

எல்லாம் கூட்டிப் பாத்தா என்ன வரும்? பூட்டி வைக்கப்படலை, கடன் இல்ல, தானே விரும்பிப் போனவர். அந்த அறிக்கை எங்கயாவது அச்சாகி வந்திருந்தா எங்க அண்ணன் அதுல கடத்தலுக்கு ஆளானவரே கிடையாது. "மக்கா, அவனுவ கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். நான் சொல்ல வெச்சிருந்ததை அவனுவ கேக்கவே இல்ல பாத்துக்கோ"ன்னார் அண்ணன். அந்தக் கேள்வித்தாளைத் தயார் பண்ணின மேஜையில வளைகுடாவுல வலை இழுத்த ஒரே ஒரு ஆள் இருந்திருந்தா "மாதச் சம்பளம்"ங்கற கட்டத்தை அடிச்சிட்டு "பங்குக் கணக்கு நோட்டு யாரிடம் இருந்தது?"ன்னு எழுதியிருப்பான். அதுக்கு எம்.எஸ்.டபிள்யூ. படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

இன்னொண்ணு. கொரோனா நேரத்துல ஈரான்ல மாட்டினவங்களை ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ்லேர்ந்து ஏத்திக்கிட்டு 2020 ஜூலை 1 அன்னைக்குத் தூத்துக்குடி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? 687 பேர். அதுல நம்ம மாவட்டத்து மீனவர்கள் ஏகப்பட்ட பேர். அவங்க எல்லாரும் கடத்தப்பட்டவங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா வளைகுடாவுல பங்குக் கணக்கு எப்படி ஓடுது, எந்தத் துறைமுகத்துல எந்த மாதிரி ஏஜெண்ட், சண்டை வந்தா யார்கிட்ட போறதுன்னு அத்தனையும் தெரிஞ்ச ஒரு கப்பல் ஜனம் ஒரே நாள்ல கரை இறங்குச்சு. காய்ச்சல் பாத்தோம், வீட்டுக்கு அனுப்பினோம். அது வேணும்தான். அதுக்கப்புறம் அவங்களை வச்சே ஒரு குழு போட்டு, அடுத்து போறவனுக்கு என்ன சொல்லி அனுப்பலாம்னு நாம யோசிச்சிருக்கலாம் இல்லையா?

யார் எண்றாங்கங்கறதைப் பொறுத்து எண்ணிக்கையே மாறும்கறதுக்கு நம்ம மாநிலத்துலயே ஒரு பழைய கதை உண்டு. கொத்தடிமை வழக்குல உச்ச நீதிமன்றம் போட்ட ஆணையர்கள் 1995ல் அறிக்கை கொடுத்தாங்க: தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்கும் மேல கொத்தடிமைகள். அதுக்கப்புறம் மாநில அரசு எடுத்த கணக்கெடுப்புல வந்தது சுமார் 25 ஆயிரம். ஒரே மாநிலம், ஒண்ணு ரெண்டு வருஷ வித்தியாசம். ஒண்ணுக்கு நாப்பது! எது சரின்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா சூளை முதலாளி பக்கத்துல நிக்கும்போது ஒரு ரெவின்யூ அதிகாரி போய் "நீ கொத்தடிமையா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்னு சொல்றதுக்கு ஆராய்ச்சி எதுக்கு? அதே சூளையில முன்னாடி கல் அறுத்தவன் ஒருத்தன் ராத்திரி அவங்க குடிசையில உட்கார்ந்து "முன்பணம் எவ்வளவு வாங்கின? சீசன் முடிஞ்சு எவ்வளவு பாக்கின்னான்?"னு கேட்டா வேற பதில் வரும்.

நூற்பாலைகள்ல இதைக் கொஞ்சம் செஞ்சு பாத்திருக்காங்க. சுமங்கலித் திட்டம்னு சொல்லி, மூணு வருஷம் வேலை பாத்தா கல்யாணத்துக்கு மொத்தமா காசுன்னு சின்னப் பொண்ணுங்களைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல அடைச்ச கதை தெரியும்தானே. அந்த மில்லுப் பகுதிகள்ல இங்கிலாந்தின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெவலப்மெண்ட் ஸ்டடீஸும் நம்ம நாட்டு ப்ராக்சிஸும் 2010கள்ல ஒரு ஆய்வு பண்ணினாங்க. ஆம் / இல்லை பாரம் கிடையாது. வாழ்க்கைக் கதைகளை அப்படியே சேகரிச்சு, அந்த ஊர் ஜனத்தையும் உட்கார வச்சு எதுலேர்ந்து எது வந்துச்சுன்னு கோடு போட்டு அலசினாங்க. நம்ம பாஷையில சொன்னா லாக் ஃபைலை எழுதினவனையே கூப்பிட்டு டீபக் பண்றது.

நம்ம பாஷைன்னதும்தான் ஞாபகம் வருது. கடத்தல்லாம் படிக்காத ஏழைக்கு நடக்கறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கற என் சக ஆணிபுடுங்கிகளே, கொஞ்சம் நில்லுங்க. 2022 அக்டோபர்ல மியான்மர்லேர்ந்து 13 தமிழ்ப் பசங்க சென்னை வந்து இறங்கினாங்க. தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய், மோய் ஆத்தைத் தாண்டி மியாவாடிப் பக்கம் கொண்டுபோய், துப்பாக்கிக் காவல்ல ஆன்லைன் மோசடி வேலை பாக்க வச்சாங்க. 2023 ஆகஸ்ட்ல ஐ.நா. மனித உரிமை அலுவலகம் போட்ட அறிக்கைப்படி மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேரும், கம்போடியாவுல சுமார் 1,00,000 பேரும் இந்த மாதிரி மாட்டியிருக்கலாம். 2025 மார்ச்ல விமானப்படை விமானம் ஒரே நடையில 283 இந்தியர்களைத் தாய்லாந்தின் மேசோட்லேர்ந்து கொண்டுவந்தது. போனவங்கள்ல கம்ப்யூட்டர் படிச்சவங்க நிறைய. நம்ம மாதிரி.

என் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் அப்படிப் போயிட்டு வந்தவன். வந்தன்னைக்கு மணிக்கணக்கா விசாரிச்சாங்க. ஏஜெண்ட் யாரு, எவ்வளவு கொடுத்த, அங்க யாரை ஏமாத்தின. குற்றவாளிகிட்ட கேக்கற மாதிரியே. விசாரிக்கத்தான் வேணும், சரி. ஆனா அவன் என்கிட்ட சொன்னதைக் கேளுங்க: "அண்ணா, விளம்பரத்தைப் பாத்தாலே பத்து செகண்ட்ல சொல்லிருவேன். சம்பளம் டாலர்ல போட்டிருப்பான். இன்டர்வியூன்னு டைப்பிங் டெஸ்ட் மட்டும் வைப்பான். டூரிஸ்ட் விசாவுல வா, அப்புறம் மாத்திக்கலாம்பான். டிக்கெட் நாங்களே போடறோம்பான். அங்க இருக்கும்போது இந்த மாதிரி விளம்பரத்தையே என்னை எழுத வெச்சானுங்க அண்ணா." விளம்பரம் எழுதினவனே நம்ம கையில இருக்கான்! அவனை வேலைக்கு எடுத்து, வேலைவாய்ப்புத் தளங்கள்லயும் டெலிகிராம் குரூப்புகள்லயும் போலி விளம்பரம் பிடிக்கற ஒரு குழுவை அவன் கையில குடுக்கறதை விட்டுட்டு நாம என்ன பண்றோம்? "ஏமாறாதீர்!"னு போஸ்டர் அடிக்கறோம். ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்தப்போ எழுந்து பாத்தவனைக் கூப்பிடாம மேனேஜர்கள் மட்டும் உட்கார்ந்து காரணம் எழுதற கம்பெனி எத்தனை நாள் ஓடும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"படிப்பறிவு இல்லாதவங்க, அவங்களால ஆய்வு பண்ண முடியுமா?" நம்ம மாவட்டத்துல பிறந்தவன் இதைக் கேக்கவே கூடாது. தோள்சீலைப் போராட்டத்தை நடத்தினது யாரு? பல்கலைக்கழகமா? எந்தப் பெண்களோட சீலையைச் சந்தையில வச்சுக் கிழிச்சாங்களோ அவங்கதான் மறுபடி மறுபடி உடுத்திக்கிட்டு வந்தாங்க. கல்குளம், இரணியல்னு நமக்குத் தெரிஞ்ச ஊர்கள்லதான் அது நடந்தது. பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிச்சு, 1859ல் திருவிதாங்கூர் ராஜா இறங்கி வந்து அறிக்கை போட்டார். மிஷனரிகள் உதவினாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா உதவினவங்க பேரைத்தான் நாம பாடத்துல படிக்கறோம், உடுத்தினவங்க பேர் எத்தனை தெரியும்?

இன்னும் குறும்பா சொல்லணும்னா, 1741ல் குளச்சல் போர்ல தோத்துப்போய்ச் சிறைப்பட்ட டச்சுக்காரன் டிலனாயை மார்த்தாண்ட வர்மா என்ன பண்ணினார்? "பாவம், போர்க்கைதி, ஓய்வெடுக்கட்டும்"னு விட்டுட்டாரா? உள்விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு படைக்குப் பயிற்சி குடுக்க வச்சார். வலிய கப்பித்தான் ஆகி 1777ல் சாகற வரைக்கும் இங்கதான் இருந்தான். நம்ம ஊர்ல வெற்றித்தூணை டூரிஸ்ட்டுக்குக் காட்டறப்போ இதையும் சேத்துச் சொல்லலாம் :-)

"பழசைக் கிளறினா மனசு பாதிக்குமே?" இந்த வாதத்துல நியாயம் இருக்கு, ஆனா தப்பான இடத்துல வைக்கறாங்க. மனசைப் பாதிக்கறது எது? வருஷா வருஷம் மேடையேறி அதே கதையைச் சொல்லி அழறதுதான். போலீஸ்ல ஒரு தடவை, குழந்தைகள் நலக் குழுவுல ஒரு தடவை, கோர்ட்ல நாலு தடவை, நிருபர்கிட்ட, வெளிநாட்டு நிதி நிறுவனத்து அம்மாகிட்ட. அப்பல்லாம் வராத கவலை, "குழுவுல உறுப்பினரா போடுங்க"ன்னா மட்டும் எப்படி வருது? குழுவுல உட்கார்ந்து வரவு செலவைப் பாக்கறதுக்கு யாரும் தன் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லையே. அதே சமயம், வேண்டாம், நான் மறந்துட்டுக் கடலுக்குப் போறேன்னு ஒருத்தர் சொன்னா அது அவர் உரிமை. எங்க தெரு அண்ணன் அப்படித்தான் சொல்லுவார்னு நினைக்கிறேன். வந்தவங்க எல்லாரும் தலைவர் ஆகணும்னு கட்டாயம் இல்ல. வர்றேங்கறவங்களுக்குக் கதவு திறந்திருக்கான்னுதான் கேக்கறேன்.

"ஒருத்தரோட அனுபவம் எல்லாருக்கும் பொருந்துமா?" பொருந்தாது. சூளையிலேர்ந்து வந்தவனுக்கு மியாவாடி தெரியாது, மில்லுலேர்ந்து வந்த பொண்ணுக்குப் பங்குக் கணக்கு தெரியாது. அதனாலதான் ஒருத்தரைப் பிடிச்சு நாற்காலியில உட்கார வச்சு போட்டோ எடுத்தா போதாதுங்கறேன். அஞ்சாறு பேர் வேணும், அவங்களுக்குள்ள சண்டை வரணும். எல்லாத்துக்கும் தலையாட்டற ஒரு 'முன்னாள் பாதிக்கப்பட்டவர்' எல்லா நிறுவனத்துக்கும் ரொம்ப வசதியா இருக்கும். சங்கமா சேர்ந்து வர்றவங்கதான் தலைவலி குடுப்பாங்க. தலைவலி குடுக்கட்டும்.

"நோயாளியை டாக்டராக்கச் சொல்றியா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். ஏ.ஏ. கூட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1935ல் அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க சேர்ந்து ஆரம்பிச்சது, இன்னைக்கு உலகம் பூரா நடக்குது. குடியை விட்டவன் சொன்னாத்தான் குடிக்கறவன் காதுல ஏறும்கறது ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மட்டும் இந்த டாக்டர் கேள்வி ஏன் வரலை?

சும்மா பேச்சு இல்ல, இதைச் செஞ்சு காட்டினவங்க இருக்காங்க. 1996 பிப்ரவரியில மும்பை விடுதிகள்ல நடந்த சோதனையில நூத்துக்கணக்கான பெண்களைப் பிடிச்சாங்க. அதுல நேபாளத்துப் பொண்ணுங்க நிறைய. அவங்களைத் திரும்ப ஏத்துக்க அவங்க நாட்டு அரசே தயங்குச்சு. தொண்டு நிறுவனங்கள்தான் கூட்டிட்டுப் போச்சு. அப்படிப் போன பொண்ணுங்கள்ல சில பேர் சேர்ந்து 'சக்தி சமூஹா'ன்னு தாங்களே ஒரு அமைப்பு தொடங்கினாங்க. அதைப் பதிவு பண்றதுக்கே 2000 வரைக்கும் போராட வேண்டியிருந்தது. அவங்களே காப்பகம் நடத்தினாங்க, அவங்களே ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க. 2013ல் அந்த அமைப்புக்கு மகசேசே விருது. மேடையில அழ வச்சுச் சால்வை போட்டு அனுப்பியிருந்தா இது நடந்திருக்குமா?

நம்ம நாட்டுல 2019ல் 'இல்ஃபாட்'னு ஒரு கூட்டமைப்பு வந்தது. கடத்தல்லேர்ந்து மீண்டவங்களே பல மாநிலங்கள்லேர்ந்து சேர்ந்தது. வங்காளத்து 'உத்தான்', ஆந்திராவின் 'விமுக்தி' எல்லாம் அதுல உண்டு. அவங்க கேக்கறதுல முக்கியமானது: எங்களைக் காப்பகத்துல போட்டுப் பூட்டாதீங்க, எங்க ஊர்லயே மறுவாழ்வுக்கு வழி பண்ணுங்க. காப்பகம் கட்டறவங்களுக்கு இது தோணவே தோணாது, ஏன்னா அவங்க வெளிப்பக்கம் நின்னு பூட்டைப் பாக்கறாங்க. 2022 மே மாசம் உச்ச நீதிமன்றமே, விருப்பமில்லாம காப்பகங்கள்ல வைக்கப்பட்டிருக்கற வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டி வந்தது. மீட்பு, மறுவாழ்வுன்னு பேர் வச்சு நாம நடத்தினதோட லட்சணம் அது.

சட்டம் எழுதறதாவது பரவாயில்லையான்னா, 2018ல் ஒரு கடத்தல் தடுப்பு மசோதா மக்களவையில நிறைவேறி, 2019ல் அவை கலைஞ்சதும் காலாவதி ஆச்சு. 2021ல் புது வரைவு போட்டு, ஜூலை 14க்குள்ள மின்னஞ்சல்ல கருத்து அனுப்புங்கன்னாங்க. அவகாசம் சுமார் ரெண்டு வாரம். சூளையில கல் அறுத்தவன் ரெண்டு வாரத்துல சட்ட வரைவைப் படிச்சு மெயில் அனுப்பணும்! நமக்கே ஆபீஸ் பாலிசி மெயிலைப் படிக்க மூணு மாசம் ஆகுது.

தமிழ்நாட்டுல நடந்த நல்லதையும் சொல்லணும். திருவள்ளூர் மாவட்டத்துல 2022ல், கொத்தடிமைத்தனத்துலேர்ந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் தாங்களே நடத்தற செங்கல் சூளை 'சிறகுகள்'னு ஆரம்பமாச்சு. எந்த வேலையில அடிமையா இருந்தாங்களோ அதே வேலையில முதலாளி. வடமாவட்டங்கள்ல விடுதலையானவங்களே சங்கம் வச்சு, அடுத்த சூளையில மாட்டினவங்களைத் தேடிப்போய் விடுதலைச் சான்றிதழ் வாங்கிக் குடுக்கறாங்க. திண்டுக்கல்ல 2021 ஜனவரியில ஒரு இளம் தலித் தொழிலாளி தன் மேற்பார்வையாளராலயே கொல்லப்பட்டாங்க. அதுக்கப்புறம் பெண்கள் தலைமையில நடக்கற தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் விடாம நின்னு, 2022ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கையெழுத்தாக்க வச்சது. பாலியல் தொல்லையை ஆலைக்குள்ள கவனிச்சுப் புகார் கொண்டுபோறது அங்க வேலை பாக்கற பெண்களே. அது கடத்தல் வழக்கு இல்லதான். ஆனா கண்காணிக்கற வேலையை யார்கிட்ட குடுக்கணும்கறதுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்ப காசு விஷயம். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், பிரிவு 13. மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு, கோட்டத்துக்கு ஒரு குழு. மாவட்டக் குழுவுல ஆட்சியர் தலைவர். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த உள்ளூர்க்காரர் மூணு பேர், சமூக சேவகர் ரெண்டு பேர், ஊரக வளர்ச்சி சம்பந்தப்பட்ட அமைப்புகள்லேர்ந்து மூணு பேர் வரைக்கும், வங்கி மாதிரி நிதி நிறுவனத்துலேர்ந்து ஒருத்தர். கொத்தடிமையா இருந்து விடுதலையான ஒருத்தராவது இருக்கணும்னு அந்தப் பட்டியல்ல எங்கயும் இல்ல. வங்கிக்காரருக்கு இடம் இருக்கு, அடிமையா இருந்தவனுக்கு இல்ல. ஆனா இதுல ஒரு நல்ல சேதி: வேண்டாம்னும் சட்டம் சொல்லலை. அந்த மூணு உள்ளூர்க்காரரையும் ரெண்டு சமூக சேவகரையும் நியமிக்கறது ஆட்சியர்தான். சட்டத்திருத்தம் வேண்டாம், டெல்லிக்குப் போக வேண்டாம். ஒரு கையெழுத்து போதும்.

அடுத்தது, மத்திய அரசின் 2016 மறுவாழ்வுத் திட்டம். மீட்டதும் உடனடி உதவியா இப்ப 30,000 ரூபாய் வரைக்கும். முழுத் தொகை (ஆளைப் பொறுத்து 1 லட்சத்துலேர்ந்து 3 லட்சம்) வழக்கு முடிவோட முடிச்சுப் போட்டிருக்கு. அதுவரைக்கும் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? பழைய முதலாளிகிட்டயேதான் மறுபடி முன்பணம் வாங்கும். விடுதலையான ஒரே ஒரு ஆள் அந்த விதியை எழுதின அறையில இருந்திருந்தா இதைச் சொல்லியிருப்பான். அதே திட்டத்துல கணக்கெடுப்பு நடத்த ஒரு மாவட்டத்துக்கு 4.50 லட்சம் ரூபாய்னு தனியா ஒதுக்கீடு இருக்கு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்தக் காசை வெளியூர் ஏஜென்சிக்குக் குடுக்காம, மீண்டு வந்தவங்களுக்குப் பயிற்சி குடுத்து, நாள் சம்பளம் போட்டு, அவங்களையே கணக்கெடுக்க வச்சா என்ன? கேள்வித்தாளையும் அவங்களே எழுதட்டும். புள்ளியியல் தெரிஞ்ச ஆள் பக்கத்துல உட்கார்ந்து உதவட்டும். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க படிச்சுப் பாத்து, இது தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும்.

அமெரிக்காவுல 2015ல் சட்டம் போட்டே, கடத்தல்லேர்ந்து மீண்டவங்க மட்டுமே உறுப்பினரா இருக்கற ஆலோசனைக் குழு வச்சாங்க. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு 2021ல் அதே மாதிரி ஒண்ணு. அமெரிக்காவைப் பாத்துத்தான் செய்யணும்னா அதுக்கும் உதாரணம் இருக்கு, சாக்கு சொல்லாதீங்கன்னுதான் இதை இங்க சொல்றேன்.

நான் செய்யப் போறது இதுதான். கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும், நம்ம குளச்சல் வர்ற பத்மநாபபுரம் கோட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். நாலே கேள்வி: பிரிவு 13ன் கீழ் அமைந்த கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது திருத்தி அமைக்கப்பட்டது? உறுப்பினர்களில் விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் அல்லது கடத்தலில் இருந்து மீட்கப்பட்டவர் எத்தனை பேர் (பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்)? கடந்த 3 ஆண்டுகளில் குழு எத்தனை முறை கூடியது? கணக்கெடுப்புக்கான நிதி கேட்கப்பட்டதா, யாரை வைத்துக் கணக்கெடுப்பு நடந்தது?

மத்த மாவட்டத்துப் பதிவர்களும் இதே நாலு கேள்வியை உங்க ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்க. ஈரோடு, திண்டுக்கல், திருவள்ளூர்க்காரங்க கண்டிப்பா அனுப்பணும். 30 நாள்ல பதில் வரணும். எனக்கு வர்றதை, வராட்டா மேல்முறையீட்டை, இங்கயே போடறேன்.